இடுப்பு நோகாமல் டிராக்டர் ஓட்ட முதுகுச் சாய்மானம்

ஏழாயிரம்பண்ணை வட்டாரத்துக் கரிசல் காடுகளில் புரட்டாசி பிறந்துவிட்டால் டிராக்டர்களுக்கு ஓய்வு கிடையாது. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லி மீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்ய வேண்டிய வடகிழக்குப் பருவமழை. மழைக்கு முந்தி விதைத்தால்தான் மக்காச்சோளமும் பருத்தியும் உளுந்தும் முதல் ஈரத்தில் முளைத்து எழும்பும். ஆகவே வட்டாரத்தில் உள்ள எல்லா நிலங்களும் ஒரே இரண்டு மூன்று வாரத்திற்குள் விதைப்புக்குத் தயாராக வேண்டியிருக்கிறது. சொந்த டிராக்டர் வைத்திருப்பவர் சிலர். மணிக் கணக்கில் வாடகைக்குக் கூப்பிடுகிறவர்களே பலர். இரண்டு ஏக்கர்காரர், மூன்று ஏக்கர்காரர் என்று வரிசையில் நிற்கும்போது, அதிகாலையில் வண்டியில் ஏறும் ஓட்டுநர் விளக்கைப் போட்டுக்கொண்டு இரவிலும் உழுகிறார்.

இப்படிப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஓட்டியவர் இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். முதல் வருடம் தைலம் தேய்த்தால் சரியாகிவிடுகிறது. மூன்றாம் வருடம் மாத்திரை. அதன் பிறகு "ஜவ்வு விலகிவிட்டது" என்று ஆஸ்பத்திரிக்கு அலைச்சல். விதைப்புக் காலத்தில் ஓட்டுநர் ஒரு வாரம் படுத்துவிட்டால் நஷ்டம் அவருடைய கூலியோடு நிற்பதில்லை. அவரை நம்பி வரிசையில் நிற்கும் சிறு விவசாயிகளின் பருவமும் தவறிப்போகிறது.

கிராமங்களில் ஓடும் பழைய டிராக்டர்களின் இருக்கைகளைக் கவனித்துப் பார்த்தால் காரணத்தில் ஒரு பகுதி கண்ணுக்கே தெரியும். ரெக்சின் கிழிந்து, பஞ்சு உதிர்ந்து, அடித் தகடு மட்டும் மிஞ்சியிருக்கும். முதுகுப் பக்கத்துச் சாய்மானம் உடைந்து எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். பழைய வண்டிகள் சிலவற்றில் சாய்மானம் என்று பார்த்தால் தகட்டின் பின் விளிம்பு நான்கு விரல் உயரத்துக்கு வளைந்திருப்பது மட்டும்தான். ஓட்டுநர்கள் ஒரு சாக்கை மடித்துப் போட்டோ, வீட்டுத் தலையணையைக் கயிற்றால் கட்டியோ சமாளிக்கிறார்கள். நல்ல சாய்மானம் ஒன்றைப் பக்கத்து வெல்டிங் பட்டறையிலேயே செய்து பொருத்த முடியும். ஆனால் எங்கே வைப்பது, எவ்வளவு உயரம், எதோடு சேர்த்துப் பூட்டுவது என்பது தெரியாமல் செய்தால் அது தலையணையைவிடவும் கெடுதலாக முடியும்.

உட்காரும்போது இடுப்பில் நடப்பது

நிமிர்ந்து நிற்கிறவரைப் பக்கவாட்டில் பார்த்தால், இடுப்புக்கு மேலே முதுகு சற்று உள்வாங்கி ஒரு பள்ளமாக இருக்கும். பெல்ட்டோ அரைஞாண் கயிறோ கட்டும் இடத்தை ஒட்டிய பள்ளம் அது. உட்கார்ந்ததும் இடுப்பெலும்பு பின்பக்கம் உருண்டு, அந்தப் பள்ளம் நிரவிப் போகிறது. சோர்ந்து குனிந்தால் பள்ளம் மேடாகவே மாறி, முதுகு வில்போல வெளியே வளைகிறது. முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் ஜவ்வுத் தட்டுகளின் முன்பாகம் அப்போது நசுங்குகிறது, பின்பாகம் இழுபடுகிறது. பின்பாகத்தை ஒட்டித்தான் காலுக்குப் போகும் நரம்புகள் இருக்கின்றன.

இதைச் சுவீடன் நாட்டு மருத்துவர் பெங்ட் ஒகர்ப்ளோம் 1948-ல் விரிவாக எழுதினார். நாற்காலியின் சாய்மானம் தோளைத் தாங்குவதைவிட இடுப்புப் பள்ளத்தைத் தாங்குவதே முக்கியம் என்பது அவர் சொன்ன செய்தி. அதே நாட்டின் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் உயிருள்ள மனிதரின் ஜவ்வுத் தட்டுக்குள்ளேயே மெல்லிய ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். தாங்கல் இல்லாமல் உட்காருவது நிற்பதைவிட அதிக அழுத்தம் தருகிறது என்று அவருடைய அளவுகள் காட்டின. 1999-ல் ஜெர்மனியில் வில்கே குழுவினர் ஒரே ஒருவரிடம் எடுத்த புதிய அளவுகளில், வெறுமனே உட்காருவது நிற்பதை ஒட்டியே இருந்தது. ஆனால் குனிந்து உட்காருவதற்கும் சாய்ந்து உட்காருவதற்கும் உள்ள வித்தியாசம் அதிலும் மாறவில்லை. நிற்கும்போது உள்ள அழுத்தத்தை 100 என்று வைத்துக்கொண்டால், முன்னால் குனிந்து உட்கார்ந்தபோது சுமார் 166. நாற்காலியில் பின்னால் சாய்ந்தபோது சுமார் 54. அதாவது ஒரே ஆள், ஒரே எடை. சாய்ந்தவரின் ஜவ்வுக்கு விழும் பாரம் குனிந்தவருக்கு விழுவதில் மூன்றில் ஒரு பங்கு.

இது ஆடாத நாற்காலியின் கணக்கு. டிராக்டர் ஆடுகிற நாற்காலி. லாரிக்கும் பஸ்சுக்கும் அச்சின் மேல் வில் பட்டைகள் உண்டு. நம் டிராக்டர்களின் பின்னச்சுக்கு அப்படி ஒன்றும் இல்லை. டயருக்குள் இருக்கும் காற்றுதான் வில், அதற்கு மேல் இருக்கைக்கு அடியிலுள்ள ஸ்பிரிங். உழவில் டிராக்டர் வினாடிக்கு 2 முதல் 5 தடவை வரை மேலும் கீழும் குதிக்கிறது. மனிதனின் இடுப்புக்கு மேற்பட்ட உடலோ வினாடிக்கு 4 முதல் 8 தடவை வரையிலான குலுக்கலுக்குத்தான் மிகவும் வசப்படும். ஊஞ்சலை அதன் தாளத்திலேயே தள்ளினால் உயர உயரப் போவதுபோல, அந்தத் தாளத்தில் வரும் குலுக்கல் உடம்புக்குள் பெருகுகிறது. கோடையில் வெடித்துக் காய்ந்த கரிசலின் கட்டிகள் மேல் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

சாய்மானம் இந்த மேல்-கீழ் குலுக்கலைக் குறைக்காது. இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. குலுக்கலைக் குறைப்பவை டயர்க் காற்று, இருக்கை ஸ்பிரிங், ஓட்டும் வேகம் ஆகிய மூன்றுமே. குலுங்கும் நேரத்தில் இடுப்பு வளைந்த நிலையில் இல்லாமல் தன் இயல்பான பள்ளத்தோடு இருக்கும்படி பிடித்துக்கொள்வதுதான் சாய்மானத்தின் வேலை. அந்த ஒரு வேலையை அது நன்றாகச் செய்தால் போதும்.

செலவில்லாமல் முதலில் செய்ய வேண்டியது

பட்டறைக்குப் போகுமுன் இருக்கையை ஒருமுறை சோதிக்க வேண்டும். பெரும்பாலான டிராக்டர்களில் இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்த ஒரு பிடியும், ஓட்டுநரின் எடைக்குத் தக்கபடி ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு திருகும் உண்டு. வண்டி வாங்கிய நாளிலிருந்து அந்தத் திருகைத் தொடாதவர்கள் அதிகம். துருப்பிடித்து நின்றுபோன திருகுக்கு டீசல் விட்டு, தட்டி, கிரீஸ் போட்டு மறுபடி வேலை செய்ய வைக்கலாம். ஐம்பது கிலோ ஆள் எண்பது கிலோவுக்கு இறுக்கிய ஸ்பிரிங்கில் உட்கார்ந்தால் அது ஸ்பிரிங் இல்லாத இருக்கைதான். எண்பது கிலோ ஆள் தளர்ந்த ஸ்பிரிங்கில் உட்கார்ந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் இருக்கை அடிமுட்டி, அந்த இடி நேரே முதுகெலும்பில் ஏறும்.

டயரில் காற்றும் அப்படியே. ரோட்டில் டிரெய்லர் இழுக்க அதிகமாக அடித்த காற்றோடு வயலில் இறங்குவது வழக்கமாகிவிட்டது. பின் டயர் கல்லுருண்டைபோல் இருந்தால் எந்த மெத்தையும் காப்பாற்றாது. வயலுக்கு எவ்வளவு, ரோட்டுக்கு எவ்வளவு என்று வண்டியின் கையேட்டில் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து மாற்ற வேண்டும்.

எவ்வளவு உயரம், என்ன சாய்வு

டிராக்டர் ஓட்டுவது பஸ் ஓட்டுவது போன்றதல்ல. பஸ் ஓட்டுநர் முன்னால் பார்த்தால் போதும். உழுகிறவர் முன்னால் சாலையும் பின்னால் கலப்பையும் பார்க்க வேண்டும். கொழு எவ்வளவு ஆழம் போகிறது, குப்பை சிக்கியிருக்கிறதா, விதைப்பெட்டியிலிருந்து விதை ஒழுங்காக விழுகிறதா என்று நிமிடத்துக்குப் பலமுறை இடுப்பை முறுக்கித் திரும்புகிறார். ஆகவே கார் இருக்கையைப்போலத் தோள்வரை உயர்ந்த சாய்மானம் டிராக்டருக்கு ஆகாது. திரும்பும்போது தோள்பட்டை எலும்பு அதில் இடிக்கும். இடிக்கிறதே என்று ஓட்டுநர் முன்னால் நகர்ந்து இருக்கையின் நுனியில் உட்காருவார். பிறகு சாய்மானம் இருந்தும் இல்லாததுதான்.

கனடா போன்ற நாடுகளில் நீண்ட ஒடுங்கிய ஓடங்களில் ஏரிகளைக் கடக்கிறவர்கள் இதே சிக்கலைத் தீர்த்த விதம் இங்கே பயன்படும். துடுப்புப் போடுகிறவருக்கும் இடுப்புக்கு மேலே உடல் இரு பக்கமும் தாராளமாகத் திரும்ப வேண்டும். இடுப்புக்கோ தாங்கல் வேண்டும். அவர்களுடைய ஓட இருக்கைகளில் பூட்டும் சாய்மானம் மிகவும் தாழ்ந்தது. இடுப்புப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேல் முதுகை விட்டுவிடும். இன்னொன்றும் உண்டு. அவர்கள் காலை ஓடத்தின் கட்டையில் ஊன்றிக்கொள்கிறார்கள். கால் ஊன்றினால்தான் முதுகு சாய்மானத்தில் படியும். டிராக்டரில் கிளட்சை அழுத்துவதும் இந்த விதம்தான். முதுகுக்குப் பின்னால் தாங்கல் இல்லாதவர் கிளட்சை மிதிக்கும்போது உடம்பு பின்னால் வழுகாமல் இருக்க ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்கிறார். நாள் முழுவதும் நூற்றுக்கணக்கான தடவை அப்படி இழுத்தால் தோளும் கழுத்தும்கூட வலிக்காமல் என்ன செய்யும்?

நம் நாட்டு உழவர்களின் உடல் அளவுக்குப் பொருத்தமான டிராக்டர் இருக்கை எது என்பதை, 1976-ல் தொடங்கப்பட்ட போபால் மத்திய வேளாண் பொறியியல் நிலையத்தின் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். 5,000-க்கு மேற்பட்ட ஆண் விவசாயத் தொழிலாளர்களின் அளவுகள் அதற்கு அடிப்படை. நம் ஆட்களின் சராசரி உயரம் சுமார் 163 செ.மீ. வெளிநாட்டுக்காரர்களின் அளவைப் பார்த்து வடித்த இருக்கையில் உட்கார்ந்தால் நமக்குப் பாதம் சரியாக எட்டாது. இருக்கையின் ஆழம் அதிகமாகி, முதுகு சாய்மானத்தைத் தொடுமுன் முழங்கால் மடிப்பு விளிம்பில் இடித்துவிடும். அந்த ஆய்வின்படி உட்காரும் பலகையின் ஆழம், அதாவது முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை, 37 செ.மீ. அளவில் இருப்பது நல்லது. அகலம் 42 முதல் 45 செ.மீ. பலகை பின்பக்கம் 5 முதல் 7 பாகை சரிந்திருக்க வேண்டும். சாய்மானத்தின் உயரம் 35 செ.மீ. அதன் அடி அகலம் 38 முதல் 40 செ.மீ., மேல் அகலம் 30 செ.மீட்டருக்கும் குறைவு. நேர்குத்தான நிலையிலிருந்து 5 முதல் 10 பாகை பின்னால் சாய்ந்திருக்க வேண்டும்.

மேல்பக்கம் ஏன் குறுக வேண்டும் என்பது இப்போது புரியும். திரும்பிப் பார்க்கும்போது முழங்கைக்கும் விலா எலும்புக்கும் இடம் விடுவதற்காகத்தான். அடிப்பக்கத்திலும் ஓர் இடைவெளி வேண்டும். பலகைக்கும் சாய்மானத்தின் கீழ் விளிம்புக்கும் நடுவே 10 முதல் 12 செ.மீ. வரை திறந்து விட்டால் புட்டம் அதற்குள் போய், இடுப்புப் பள்ளம் சாய்மானத்தில் சரியாக வந்து படியும். இந்த இடைவெளி இல்லாமல் அடியிலிருந்தே பலகை அடித்தால் புட்டம் முட்டிக்கொண்டு இடுப்பு அந்தரத்தில் நிற்கும். பட்டறைகளில் செய்யும் சாய்மானங்களில் அடிக்கடி நேரும் தவறு இதுவே.

பொதுவாக, மெத்தை அமுங்கிய பிறகு 15 முதல் 25 செ.மீ. உயரத்துக்குள் இடுப்புப் பள்ளம் வரும். ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் ஓட்டுநரை உட்கார வைத்தே அளந்துகொள்ள வேண்டும். நன்றாகப் பின்னால் தள்ளி உட்காரச் செய்து, பள்ளத்தின் ஆழமான இடத்தில் சட்டையின் மேல் ஒரு சாக்பீஸ் கோடு போட்டால் போதும். சாய்மானத்தின் புடைப்பு அந்தக் கோட்டுக்கு நேராக வர வேண்டும்.

பட்டறையில் செய்யும் விதம்

40 மி.மீ. அகலமும் 6 மி.மீ. கனமும் உள்ள பட்டை இரும்பில் இரண்டு துண்டுகள், அல்லது ஓர் அங்குலக் குழாயைத் தலைகீழ் 'ப' போல் வளைத்த ஒரு சட்டம். குழாய் என்றால் கருப்புக் குழாயே வாங்க வேண்டும். ஜி.ஐ. குழாயைப் பற்றவைத்தால் துத்தநாகப் புகை எழும்பி, வெல்டிங் செய்பவருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் கொடுக்கும்.

சட்டத்தை எதோடு பூட்டுவது என்பதுதான் இந்த வேலையின் உயிர். இரு பக்க மட்கார்டுகளுக்கும் நடுவே குறுக்காக ஒரு குழாயைப் பற்றவைத்து அதில் மெத்தை கட்டுவதும், மட்கார்டுக்கு மட்கார்டு கயிறு இழுத்துக் கட்டுவதும் சுலபமாகத் தோன்றும். இரண்டுமே தவறு. இருக்கை ஸ்பிரிங்கின் மேல் எழுந்து தாழ்கிறது, மட்கார்டு அப்படி ஆடுவதில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் முதுகு அதில் உரசும். தோல் வழன்று போவதோடு, சாய்மானத்தின் புடைப்பு ஒரு நொடி இடுப்பிலும் மறு நொடி விலாவிலும் குத்தும். சாய்மானம் இருக்கைத் தகட்டோடு, அல்லது ஸ்பிரிங்குக்கு மேலே தகட்டைத் தாங்கும் சட்டத்தோடு சேர்ந்திருக்க வேண்டும். இருக்கை எழும்பினால் அதுவும் எழும்ப வேண்டும், தாழ்ந்தால் தாழ வேண்டும், முன்னால் நகர்த்தினால் கூடவே நகர வேண்டும்.

பற்றவைப்பதைவிட 12 மி.மீ. போல்ட்டும் ஸ்பிரிங் வாஷரும் போட்டு முடுக்குவது நல்லது. பட்டை இரும்பில் வட்டத் துளைக்குப் பதிலாக ஐந்து செ.மீ. நீளத்துக்கு நெடுந்துளை போட்டுவிட்டால், தகப்பன் ஓட்டும்போது ஒரு உயரமும் மகன் ஓட்டும்போது ஒரு உயரமுமாக மாற்றிக்கொள்ளலாம். தகடு மெலிந்து துருவேறியிருந்தால் அடியில் ஒரு பட்டை வைத்து வலுப்படுத்தாமல் துளை போடக்கூடாது. கிளட்சை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் சாய்மானத்தின் மேல் பலமான தள்ளு விழுகிறது. நடுவழியில் அது பிய்ந்து போனால் ஓட்டுநர் பின்னால், கலப்பையின் மேல்தான் விழுவார். வண்டியிலேயே வெல்டிங் செய்துதான் ஆக வேண்டும் என்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். டீசல் தொட்டிக்குப் பக்கத்தில் பற்றவைப்பு கூடாது. சில புதிய வண்டிகளில் ஓட்டுநருக்குப் பின்னால் கவிழ்ச்சிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும். அதில் துளை போடவோ பற்றவைக்கவோ கூடாது. வண்டி கவிழும்போது உயிரைக் காக்க வேண்டிய இரும்பு அது.

சட்டத்தின் முகத்துக்கு என்ன போடுவது? நகரத்தில் தைக்கும் குஷன்காரர் 12 மி.மீ. பிளைவுட்டின் மேல் ஃபோம் வைத்து ரெக்சின் போர்த்திக் கொடுப்பார். பார்வைக்கு நன்றாயிருக்கும். சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்து வெயிலில் நடுப்பகலில் அது சுடும், முதுகு வியர்த்து ஒட்டும். அதைவிட நமது வட்டாரத்துக்கு ஏற்றது நார்க் கட்டில் பின்னலே. பனைநாரோ, பருத்தி நாடாவோ, கட்டிலுக்குப் பின்னும் நைலான் நாடாவோ எடுத்துச் சட்டத்தின் குறுக்கே நெருக்கமாகப் பின்னிவிட்டால் காற்று போகும். உடம்பின் வளைவுக்குத் தக்கபடி பின்னல் தானே குழிந்து கொடுக்கும். மழையில் நனைந்தாலும் காய்ந்துவிடும். பின்னலுக்கும் முதுகுக்கும் நடுவே, சாக்பீஸ் கோடு போட்ட உயரத்தில், தென்னைநார் ரப்பர் மெத்தைத் துண்டு ஒன்றை நான்கு செ.மீ. கனத்துக்குத் துணி உறை போட்டுக் கட்டினால் இடுப்புப் பள்ளத்துக்கு வேண்டிய புடைப்பு கிடைத்துவிடும். பின்னலுக்குப் பின்னால் குறுக்குக் கம்பி எதுவும் வரக்கூடாது. பின்னல் தளர்ந்ததும் அது முதுகெலும்பில் நேரே தட்டும்.

மெத்தை எவ்வளவு கனமோ அவ்வளவு சுகம் என்று எண்ணிப் பலர் உட்காரும் இடத்தில் அரை அடிக்கு ஃபோம் போடுகிறார்கள். அது உயரத்தைக் கூட்டி, கிளட்சையும் பிரேக்கையும் எட்டவிடாமல் செய்கிறது. தொடையின் அடிப்பக்கம் விளிம்பில் அழுந்திக் கால் மரத்துப் போகும். அமுங்கிய பின் நான்கைந்து செ.மீ. நின்றால் போதும். புதிய மெத்தை போட்டு இருக்கை உயர்ந்தால் சாய்மானத்தையும் அதே அளவு உயர்த்த மறக்கக்கூடாது.

பொருத்தி முடித்ததும் இன்ஜினை நிறுத்தி வைத்துக்கொண்டு எல்லா லீவர்களையும் இயக்கிப் பார்க்க வேண்டும். வலது பக்கத்து ஹைட்ராலிக் லீவர் முழுத் தூரமும் போய் வர வேண்டும். பி.டி.ஓ. லீவரைப் பிடிக்கக் கையை வளைக்க வேண்டியிருக்கக் கூடாது. வலது தோள் வழியாகத் திரும்பினால் மூன்று புள்ளி இணைப்பும் கொழு முனையும் கண்ணில் பட வேண்டும். சாய்மானத்தில் கைப்பிடி வைத்து இன்னொருவர் நின்று வர வசதி செய்து தரச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. பட்டறைக்காரர் அதற்கு இணங்கக்கூடாது. டிராக்டரில் ஓட்டுநருக்கு மட்டுமே இடம்.

டிராக்டர் இல்லாத வீட்டுக்கும்

விதைப்பும் களையும் முடிந்தால் இந்த வட்டாரத்தில் பல குடும்பங்களின் கைவேலை உட்கார்ந்து செய்வதே. தீப்பெட்டிக்கு அட்டை ஒட்டுவது, நிலக்கடலை உடைப்பது, மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளுவது எல்லாம் தரையில் குனிந்து உட்கார்ந்து பல மணி நேரம் நடக்கிறது. செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். டிராக்டர் ஓட்டுநரின் இடுப்புக்குப் பரிவு காட்டும் வீட்டில் இவர்களுடைய இடுப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. குலுக்கல் இல்லாவிட்டாலும் குனிவு அதேதான்.

இங்கே இரும்பு, போல்ட் எதுவும் தேவையில்லை. நடுக்கூடத்தில் உட்காருவதை விட்டுச் சுவரை ஒட்டி உட்கார்ந்து, இடுப்புப் பள்ளத்துக்கும் சுவருக்கும் நடுவே உமியோ இலவம் பஞ்சோ அடைத்த ஒரு சிறு உருளைத் தலையணையை வைத்தாலே பாதி பாரம் குறையும். 10 முதல் 15 செ.மீ. உயரமுள்ள மணைப் பலகையில் உட்கார்ந்தால் இடுப்பெலும்பு பின்னால் உருளுவது குறையும். வேலையைத் தரையில் வைக்காமல், முழங்கால் உயரத்துக்கு ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் வைத்துக்கொண்டால் குனிவும் குறையும். நிலக்கடலை அதிகம் உடைப்பவர்களுக்கு உட்கார்ந்தபடியே இயக்கும் கடலை உடைப்பான் ஒன்றைப் போபால் நிலையம் உருவாக்கியிருக்கிறது. பத்துப் பேர் சேர்ந்த மகளிர் குழு ஒன்று வாங்கினால் கட்டுப்படியாகும். இருந்தாலும் எத்தனை நல்ல இருக்கையானாலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நான்கு அடி நடக்காமல் தீராது.

பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே டிராக்டருக்குச் சொன்ன இரும்புச் சட்டம், நைலான் நாடா, ஃபோம், ரெக்சின் எதையும் மருந்து கையாளும் அறைக்குள் கொண்டு போகக்கூடாது. இரும்பு உரசினால் பொறி பறக்கும். நைலானும் ரெக்சினும் உடம்போடு உரசினால் நிலை மின்சாரம் ஏறும். இரண்டும் அங்கே தீ வைப்பதற்குச் சமம். அங்கு எந்த இருக்கையையும் மாற்றுவதானால் ஆலையின் போர்மேனைக் கேட்டே செய்ய வேண்டும்.

மாட்டு வண்டி ஓட்டுகிறவர்கள் பின்னால் வைக்கோல் திணித்த சாக்கை முட்டுக்கொடுத்துச் சாய்வது பழைய வழக்கம். அது சரியான வழக்கமே. சாக்கைத் தோளுக்கு வைக்காமல் இடுப்புக்கு இறக்கி வைத்தால் இன்னும் சரி.

எந்த வலிக்கு மருத்துவர்

சாய்மானம் வைத்தும் இரண்டு மூன்று வாரத்தில் வலி குறையாவிட்டால் அரசு ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். வலி புட்டத்திலிருந்து காலின் பின்புறமாக முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, பாதம் மரத்தாலோ, கட்டை விரலைத் தூக்கப் பலம் இல்லாமல் போனாலோ தாமதிக்கக் கூடாது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தொடை இடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ அன்றைய தினமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த நிலையில் நாட்டு முறையில் இடுப்பைத் தட்டி நிமிர்த்துவதற்கு உட்படுவது காலையே இழக்கச் செய்யலாம்.

இந்த வேலைக்கு ஏற்ற மாதம் ஆடி. உழவுக்கு அவசரம் இல்லை, பட்டறையிலும் கூட்டம் குறைவு. இருக்கை அளவுகள் பற்றிச் சந்தேகம் உள்ளவர்கள் அருப்புக்கோட்டையில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ, அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். புதிதாகச் செய்த சாய்மானத்தோடு முதல் நாளே பன்னிரண்டு மணி நேரம் ஓட்டாமல், இரண்டு மணி நேரம் உழுதுவிட்டு இறங்கி, முதுகில் எந்த இடம் சிவந்திருக்கிறது என்று பார்த்து உயரத்தைத் திருத்த வேண்டும். முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி முடுக்க வேண்டும். நார்ப் பின்னல் முதல் வாரத்தில் கட்டாயம் தளரும். கட்டிலை இழுத்துக் கட்டுவதுபோல அதையும் ஒருமுறை இழுத்துக் கட்டிவிட்டால் அந்தப் பருவம் முழுவதும் தாங்கும்.